நிழல் விழுந்த வரிசை

திருவள்ளூர் மைதானத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கைவினைச் சந்தை கூடும். கடை போடுகிற நாங்கள் எட்டு மணிக்குத்தான் வருவோம். அந்த அக்கா ஆறரைக்கே வந்து, தனக்கு ஒதுக்கிய இடத்தின் நான்கு மூலைகளிலும் நின்று பார்த்து, மேசையை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று முடிவு செய்திருப்பார். எங்களுக்குக் கடையின் முன்பக்கம் என்றால் ஜனங்கள் நடக்கிற பக்கம். அவருக்கு முன்பக்கம் என்றால் சூரியன் இல்லாத பக்கம். அதனால் பல மாதங்கள் அவருடைய கடை ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவர் விற்றது வீட்டில் செய்த சோப்பு. மஞ்சள், வேப்பிலை, செம்மண், கரி, வெட்டிவேர் என்று ஐந்து வகை. மேசைக்கு மேலே நான்கு மூங்கில் நட்டு ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டியிருப்பார். அதற்குக் கீழே, சோப்புகளின் மேலேயே, பழைய குடைகளைப் பிரித்துத் தைத்த ஒரு கறுப்புத் துணி கிடக்கும். யாராவது வந்து கேட்டால் துணியின் ஓரத்தை ஒரு சாண் மட்டும் தூக்கிக் காட்டுவார். ஏணையில் தூங்கும் பிள்ளையை விருந்தாளிக்குக் காட்டுவது போல இருக்கும். பார்த்து முடித்ததும் துணி மறுபடி விழுந்துவிடும்.

சந்தைக்குப் பொறுப்பாளராக இருந்த மனிதர் முதல் மாதமே அவரிடம் வந்து நின்றார். எல்லாரும் கடையைத் திறந்து வைத்திருக்கும்போது இவர் மட்டும் இப்படி இருந்தால் சந்தைக்கே களை போய்விடுகிறது என்பது அவர் வாதம்.

“இன்னாமா இது, பொணத்த மூடினா மாதிரி மூடி வெச்சிக்கினு கீற?”

“பொணத்துக்கு வெயில் பட்டா இன்னா, படாட்டி இன்னா சார். இதுக்குப் பட்டாத்தான் பேஜாரு.”

பக்கத்துக் கடையிலிருந்த நானும் என் மனைவியும் சிரித்துவிட்டோம். அன்றுதான் அவரோடு பேச ஆரம்பித்தோம். என் மனைவி பொன்னேரிப் பக்கத்துக்காரி. பனையோலையில் பெட்டி, கூடை முடைவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குத் துணையாக நான் போய் உட்காருவேன். அக்கா என்னை அண்ணா என்றார். நான் அவரை அக்கா என்றேன். எங்களில் யார் மூத்தவர் என்று இருவரும் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது அவர் சந்தைக்கு வருவதில்லை. மகளுக்குச் சூலூர்ப்பேட்டைப் பக்கம் வேலை கிடைத்ததும் அவளோடு போய்விட்டார். அவருடைய இடத்தில் வறுத்த கடலை விற்கிறார்கள்.

அவருக்கு வெயில் மேல் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அது எங்கே இருக்கிறது, அடுத்து எங்கே வரும் என்கிற நினைப்பு மட்டும் அவரை விட்டு அகலவே அகலாது. பேசிக்கொண்டே மேசையை அரையடி இழுப்பார். பத்து நிமிடம் கழித்து, பாதி வாக்கியத்தில், இன்னொரு அரையடி. சாயங்காலம் சந்தை கலையும்போது பார்த்தால் மேசை காலையில் இருந்த இடத்திலிருந்து கால்வட்டம் சுற்றி வந்திருக்கும்.

இந்த நினைப்பு சோப்போடு நிற்கவும் இல்லை. சந்தைக்கு வெளியே நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர்களின் இருக்கைமேல் கோணிப்பையைப் போட்டுவிட்டு வருவார். யாருடைய வண்டி என்று தெரியாது. என் மனைவி சாயம் தோய்த்த ஓலைக்கூடைகளைக் கேட்காமலே எடுத்துத் தன் வேட்டிப் பந்தலுக்குக் கீழே வைத்துக்கொள்வார். ஒருநாள் மைதானத்தின் நடுவே யாரோ ஒருவர் கைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். அக்கா கடையை எங்களிடம் விட்டுவிட்டுப் போய், குடையை விரித்து அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் பேசி முடித்து நிமிர்ந்தபோதுதான் குடையைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அப்படியே நடந்து போனார். திரும்பி வந்த அக்கா என்னிடம் சொன்னது: “வெயில்ல நின்னுக்கினு சண்ட போட்டா சண்ட பெருசாவும்ணா.”

அவர் எல்லோரிடமும் இப்படி இதமாக இருந்தார் என்று நினைக்க வேண்டாம். புடவைக் கடையில் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்க்கிற பழக்கம் நம்மில் எல்லோருக்கும் உண்டு. சோப்பையும் சிலர் அப்படி எடுத்துக்கொண்டு வெயிலுக்கு நடப்பார்கள். அக்கா பின்னாலேயே போய்க் கையிலிருந்து பிடுங்கிவிடுவார். விலை கேட்க வாயெடுத்தவர்கள் முகம் சுண்டிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் மனைவி ஒருதரம் இதைச் சொன்னதற்கு, வாங்குகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்தாலும் சரி, அதுவரைக்கும் அது தன் பொறுப்பு என்று பதில் வந்தது.

ஒரு மாதம் பொறுப்பாளர் எல்லாக் கடைகளுக்கும் நீலத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். நாங்கள் சந்தோஷப்பட்டோம். அக்கா மட்டும் உள்ளே நின்று தன் சோப்பை உற்றுப் பார்த்தார். நீல வெளிச்சத்தில் மஞ்சள் சோப்பு பச்சையாகத் தெரிந்தது. அவிழ்த்துவிடலாமா என்று கேட்டதற்குப் பொறுப்பாளர் சம்மதிக்கவில்லை. அன்று வாங்கிப்போன ஒரு அம்மாள் அடுத்த மாதம் திரும்பி வந்து, பச்சை சோப்பு கேட்டால் மஞ்சளைக் கொடுத்து ஏமாற்றிவிட்டதாகச் சண்டை பிடித்தார். அதற்குப் பிறகு தார்ப்பாயை யார் கட்டினாலும் அக்கா அவிழ்த்தார்.

சோப்புக்கு முன்னால் அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பதினோரு வருடம் ஒப்பந்த வேலை பார்த்தவர். அவரோடு ஒரே வரிசையில் நின்ற பெண்கள் முப்பது பேர் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். வயதைக் காரணம் காட்டி அவரை நிறுத்தியபோது அவர்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் தரவில்லை. ஷிஃப்ட் முடிவதற்குள் கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இதை அவர் எங்களிடம் ஒரே நாளில் சொன்னதில்லை. துணியைத் தூக்கிக் காட்டுவது போலத்தான், கொஞ்சம் கொஞ்சமாக.

பிறகு மகளிர் குழுப் பயிற்சியில் சோப்புக் கற்றுக்கொண்டார். முதல் சந்தை பொன்னேரியில். நாற்பது மஞ்சள் சோப்பை அழகாக அடுக்கித் திறந்து வைத்திருக்கிறார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் மேல்பக்கம் வெளுத்து, அடிப்பக்கம் மஞ்சளாக, இரண்டு சோப்பை ஒட்டி வைத்தது போல ஆகியிருந்தது. விலை குறைத்து விற்கலாமே என்றார்களாம். விற்கவில்லை. நாற்பதையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அவரும் மகளுமே தேய்த்துத் தீர்த்தார்கள்.

இதைக் கேட்டபோது எனக்குத் தொழில் ஆர்வம் வந்துவிட்டது. நான் காக்களூரில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பெயின்ட் பூசிய தகடுகளைக் கூரைமேல் சாய்த்து வைத்து, எந்த நிறம் வெயிலில் எவ்வளவு நாளில் மங்குகிறது என்று குறித்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. அக்காவிடம் ஐந்து வகையிலும் சில சோப்புகளை வாங்கிப்போய் என் வீட்டு மொட்டை மாடியில் வைத்தேன். சிலதைத் திறந்து, சிலதைக் கண்ணாடிக்குக் கீழே, சிலதை ஒற்றை வேட்டிக்குக் கீழே, சிலதை இரட்டைக் குடைத்துணிக்குக் கீழே. மணிக்கொருமுறை பார்த்து எழுதினேன். செம்மண்ணும் கரியும் அசையவில்லை. வேப்பிலை பழுப்பானது. மஞ்சள்தான் மிக மோசம். திறந்து வைத்தது மூன்று மணி நேரத்தில் வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடி அனேகமாக ஒன்றையும் தடுக்கவில்லை. ஒற்றை வேட்டி பாதி காத்தது. குடைத்துணி முழுக்கக் காத்தது.

அக்கா நான் எழுதியதை முழுவதும் கேட்டுவிட்டு, அதில் தனக்குத் தெரியாதது கண்ணாடி விஷயம் மட்டும்தான் என்றார். பிறகு அவருடைய நிஜமான சிக்கலைச் சொன்னார். மூடினால் நிறம் நிற்கிறது, ஆனால் ஆள் நிற்பதில்லை. திறந்தால் ஆள் நிற்கிறார்கள், நிறம் நிற்பதில்லை.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். வகைக்கு ஒரே ஒரு சோப்பை மட்டும் வெளியே, ஜனங்கள் நடக்கிற பக்கம் வையுங்கள். அது வெளுத்தால் வெளுக்கட்டும். விற்கிற சோப்பெல்லாம் பெட்டிக்குள் இருக்கட்டும். சொன்னபோது எனக்கே என் ஒழுங்கில் பெருமையாக இருந்தது. அக்காவுக்கு அந்த ஐந்தை வெளியே வைக்க மனம் வரவில்லை. ஆனாலும் வைத்தார். அடுத்த மூன்று சந்தைகளில் கூட்டமும் வந்தது, விற்பனையும் கூடியது. வெளியே இருந்த ஐந்தையும் சாயங்காலம் தனியாக ஒரு துண்டில் சுற்றி எடுத்துப் போவார். அடுத்த சந்தையிலும் அதே ஐந்துதான் வெளியே வரும்.

நான்காவது மாதம் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். ஒரு கம்பெனியின் நிர்வாகப் பிரிவு அதிகாரி. மகளிர் தினத்துக்குத் தங்கள் பெண் தொழிலாளர்களுக்குப் பரிசு கொடுக்க முந்நூறு சோப்பு வேண்டும் என்றாள். வெளியே இருந்த ஐந்தையும் எடுத்து முகர்ந்தாள். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதே போல மஞ்சள் சோப்பு முந்நூறு என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனாள். அது அக்கா வேலை பார்த்த அதே கம்பெனி. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. அக்காவும் சொல்லவில்லை.

அவள் போனபிறகு அக்கா ஓரிடத்தில் உட்காரவில்லை. பேக்கிங்கில் தன்னோடு நின்றவர்களின் பெயரை ஒவ்வொன்றாக என் மனைவியிடம் சொன்னார். யாருக்குக் கையில் தோல் உரியும், யாருக்கு எந்த வாசனை பிடிக்காது என்று எல்லாம் சொன்னார். “என் கையால செஞ்சது அவங்க கைக்குப் போவும்மா. சொல்லிக்காம வந்துட்டேன்ல, அதுக்கு.”

ஆறு வாரம் உழைத்துக் காய்ச்சி, வெட்டி, ஆறவைத்து, முந்நூறும் தயாரானது. சரியாக முந்நூறு, மிச்சம் இல்லை. மாதிரிக்கு ஒரு பெட்டியைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று மத்தியானமே அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நாங்கள் பார்த்தது வெண்ணெய் நிறம், இது பளிச்சென்று மஞ்சளாக இருக்கிறது, நீங்கள் சாயம் சேர்த்திருக்கிறீர்கள், தொழிலாளர்களுக்குத் தோலில் ஏதாவது வந்தால் யார் பதில் சொல்வது என்றாள். நான்கு நாளில் பார்த்த மாதிரியே தராவிட்டால் கடையில் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாள். அக்கா விளக்கிப் பார்த்திருக்கிறார். வெயில் சோப்பின் நிறத்தைத் தின்னும் என்பதை அவள் நம்பவில்லை.

அவள் திருப்பிக் கொடுத்த மாதிரிப் பெட்டியோடு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். வெளுத்த சோப்பை வெளியே வைக்கச் சொன்னது நான்தான். ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று என் புத்திக்கு எட்டவில்லை. புதிதாகச் செய்தாலும் ஆற ஆறு வாரம் ஆகும். நான் என் குறிப்புகளை எடுத்தேன். மூன்று மணி நேரம் ஒரு பக்கம், மூன்று மணி நேரம் மறுபக்கம். ஒரே நாளில் முந்நூறையும் அந்தப் பெண் பார்த்த நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றேன்.

அக்கா பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார்.

“வெயில்ல வெக்கச் சொல்றீங்களாண்ணா?”

“வேற வழி தெரியலக்கா.”

“இல்லாத சாயத்த இருக்குன்னு சொல்றாங்க. இருக்குற நெறத்த எடுத்துட்டா நம்புவாங்களா?”

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, சரி, வாங்க என்று எழுந்துவிட்டார்.

அவர் வீடு புதுவாயல் கூட்டுரோடுக்குப் பின்னால், வாடகைக்கு. மறுநாள் நானும் மனைவியும் அங்கே போனோம். மொட்டை மாடியில், சந்தையில் மேலே கட்டுகிற அதே வேட்டியை அக்கா தரையில் விரித்திருந்தார். ஒன்பது மணிக்கு இருபது வரிசை, வரிசைக்குப் பதினைந்து என்று நாங்கள் மூவரும் அடுக்கினோம். கடைசி சோப்பை அவர் கையிலிருந்து நான்தான் வாங்கி வைக்க வேண்டியிருந்தது.

பத்து மணிக்குப் பார்த்தபோது எல்லா வரிசையும் மங்கத் தொடங்கியிருந்தது, மூன்றாவது வரிசையைத் தவிர. மாடியின் கிழக்குச் சுவரோரம் அக்கா நின்றுகொண்டிருந்தார். அவருடைய நிழல் சரியாக அந்த வரிசையின் மேல் நீளமாக விழுந்திருந்தது.

“அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

திடுக்கிட்டு நகர்ந்தார். தெரியாமல் நின்றுவிட்டதாகச் சொன்னார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஓரத்தில் சரிந்திருந்த இரண்டு சோப்பை நேராக்கிவிட்டு நிமிர்ந்தால், நிழல் மறுபடி மூன்றாவது வரிசையில் இருந்தது. மறுபடி சொன்னேன். இந்தமுறை என் மனைவி அவரைக் கீழே அழைத்துக்கொண்டு போய்க் கத்தரிக்காய் நறுக்கச் சொல்லி உட்காரவைத்தாள். கால் மணி நேரத்தில், மேலே துணி காய்கிறது, எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். கொடியில் துணி எதுவும் இல்லை.

சூரியன் ஏற ஏற நிழல் குறுகியது. அவர் அதோடு சேர்ந்து வரிசைக்குக் கிட்டே கிட்டே நகர்ந்து வந்தார். எத்தனையோ மாதம் மேசையை இழுத்தவருக்கு அந்தக் கணக்கு காலிலேயே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டோம். அந்த நேரத்து நிழல் யாருக்கும் உதவாது என்பதால், அவர் அந்த வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார். தலையில் துணி இல்லை. நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகி மூக்கு நுனியில் நின்றது. என் வாயில் அதே வாக்கியம் வந்தது. சொல்லவில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டுப் போய் அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். முந்தானை எட்டாத ஓரத்தில் இரண்டு சோப்பு இருந்தது. குறிப்பேட்டை அவற்றுக்கு மேலே பிடித்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

மூன்று மணிக்கு எடுத்தபோது அந்த வரிசையில் எட்டு சோப்பு இரண்டு பக்கமும் மஞ்சளாகவே இருந்தது. மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டும் அந்தப் பெண் கேட்ட நிறம். எட்டையும் காகிதத்தில் சுற்றி அக்காவே பெட்டிகளின் அடியில் வைத்தார்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கையில் நானும் கூடப் போனேன். அந்தப் பெண் மேலே இருந்த நான்கைந்தைப் பிரித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“இதத்தான் ஆன்ட்டி நாங்க பாத்தோம். மொதல்லயே கலர் போடாம செஞ்சிருக்கலாம்ல?”

அக்கா தலையை ஆட்டினார். கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். நிறுத்தத்தில் நிழற்குடை இருந்தது. அவர் அதற்கு வெளியே நின்றார்.

அடுத்த சந்தைக்கு அவர் வந்தார். மேசையை வழக்கம்போலத் திருப்பிப் போட்டார். வெளியே எதையும் வைக்கவில்லை. பதினொரு மணிக்கு மேல், கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அக்காவோடு பேக்கிங்கில் எட்டு வருடம் பக்கத்தில் நின்றவள். பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துக் கண்டுபிடித்து, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். முதலில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டாள்.

“யக்கா, எல்லாருக்கும் வெளுப்பா வந்துச்சு. என்கு மட்டும் மஞ்சளா வந்துகீது. இன்னாக்கா அது, டேமேஜ் பீஸா?”

அக்கா அவளையே பார்த்தார்.

“இல்லடி. அதான் சோப்பு.”

“அப்போ மத்தவளுங்களுது?”

“அதுவும் நானு செஞ்சதுதான். வெயில்ல நின்னுடுச்சு.”

அவளுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் சிரித்தாள். தேய்க்க மனசு வரவில்லை, அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். அக்காவின் கை தானாக எழுந்து அவள் தோளைப் பிடித்தது.

“எங்க வெச்சிகீற? ஜன்னலாண்டயா?”

“இல்லக்கா. பீரோவுல. பொடவைக்கு நடுவுல.”

“அங்கயே இருக்கட்டும்” என்றார் அக்கா.